ஆட்டுக்குட்டி சொன்ன சேதி

கொங்கு நாட்டாருக்கு ஆட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் மந்தை மேய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நாள் நிரம்பாமல் விழுந்த குட்டி மூச்சுக்குத் தவித்து அடங்குவதையும் கண்டிருக்கிறோம். "அதன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

மனிதக் குழந்தைக்கும் ஒரு காலத்தில் அதே விதிதான். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்த பாட்ரிக் என்ற ஆண் மகவு, ஐந்தரை வாரம் முந்திப் பிறந்ததால் இரண்டே நாளில் கண்ணை மூடிற்று. நுரையீரல் பக்குவப்படவில்லை. வெள்ளை மாளிகையின் செல்வாக்கெல்லாம் அந்தப் பிஞ்சுக்கு மூச்சு வாங்கித் தர முடியவில்லை.

வழி பிறந்தது நியூஸிலாந்தின் ஆக்லந்து நகரில். பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயா, கருவா என்று ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்தார் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர். கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். பிழைக்கவே முடியாத அளவு முந்திப் பிறந்த ஒரு குட்டி, என்ன அதிசயம், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! மருந்து அதன் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்தியிருந்தது.

குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளில் முதல் வாரத்தில் நூற்றுக்கு 15 இறந்தன. பெற்றவர்களுடையவற்றில் 3 சொச்சம்.

உலகம் உடனே கேட்டதா? இல்லை. தாய்க்குக் கிருமித் தொற்று வருமோ என்ற அச்சம் பலருக்கு. அமெரிக்க நிபுணர் குழு பொதுவாகப் பரிந்துரைத்தது 1994இல்தான்.

அச்சம் முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. பெல்காம், நாகபுரி உட்பட ஆறு நாடுகளில் கிராமம் வரை இம்மருந்தைப் பரப்பிய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பரப்பிய பகுதிகளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 27, மற்றவற்றில் 24. தாய்மாரிடம் தொற்றின் அறிகுறியும் அதிகம். ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தை பெறவேயில்லை!

பிறகு உலகச் சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 2,852 தாய்மாரிடம் மறுபடி சோதித்தது. ஸ்கான் பார்த்து மாதத்தைத் திட்டமாக அறிந்தே ஊசி போட்டார்கள். 2020இல் முடிவு வந்தது: சிசு மரணம் நூற்றுக்கு 23.5க்குப் பதில் 19.6. தாய்க்குத் தொற்றும் கூடவில்லை.

டெக்ஸாமெதஸோன் என்ற அந்த மருந்து மலிவானது. அரிதாயிருப்பது சரியான மாதக் கணக்கு. மாடு சினைப்பட்ட நாளை மறக்காத நம் குடியானவர் வீடுகளில், மருமகள் முழுகாமலிருக்கும் கணக்கையும் முதல் மாதத்திலேயே டாக்டரம்மாவிடம் எழுதி வைத்துக்கொண்டால், வலி முந்தி வருகிற இரவில் அந்தச் சீட்டு ஓர் உயிரைக் காக்கக்கூடும்.