ஊர் டிரஸ்ட் சொத்துக்கும் அட்வகேட் ஜெனரலுக்கும் என்ன சம்பந்தம்?

நாசரேத்: அட்வகேட் ஜெனரல் என்றால் ஐகோர்ட்டில் அரசுக்காக வாதாடும் பெரிய வக்கீல் என்றுதான் பலருக்கும் தெரியும். ஊர் பொது டிரஸ்ட் சொத்தை யாராவது சுருட்டினால், வழக்கு போடும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

அரசியல் சட்டம் 165-வது பிரிவின்படி இவரை கவர்னர் நியமிக்கிறார். ஐகோர்ட்டு நீதிபதியாகும் தகுதி இருக்கணும். சட்டசபையில் பேசலாம், ஓட்டு போட முடியாது. ஆட்சி மாறினால் ராஜினாமா செய்வது வழக்கம்.

வெள்ளைக்காரர்களே வகித்து வந்த இந்த பதவியில், சென்னையில் 1897-ல் முதல் இந்தியராக பாஷ்யம் அய்யங்கார் தற்காலிகமாக அமர்ந்தார். 1929 முதல் 1944 வரை இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், பின்னர் அரசியல் சட்ட வரைவுக்குழுவில் இடம்பெற்றார்.

இனி டிரஸ்ட் விஷயம். சிவில் நடைமுறை சட்டம் 92-வது பிரிவுப்படி நிர்வாகியை நீக்கவும், கணக்கு கேட்கவும் வழக்கு தொடரலாம். முன்பெல்லாம் ஜனங்கள் வழக்கு போட அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். 1976-ல் சட்டத்தை திருத்தினாங்க. இப்போது டிரஸ்டில் அக்கறை உள்ள 2 பேர் சேர்ந்து, கோர்ட்டு அனுமதியோடு வழக்கு போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், தூத்துக்குடி மாவட்ட கோர்ட்டே போதும். அப்பீல் என்றால் 2004-ல் திறந்த ஐகோர்ட்டு மதுரை கிளை இருக்கு.

ஒன்றை கவனிக்கணும். இந்து கோவில்களுக்கு அறநிலையத்துறை சட்டம் தனி. பள்ளிக்கூடம், சத்திரம் போன்ற பொது டிரஸ்டுகளுக்குத்தான் இந்த வழி.