சுவரைவிட உயரமான ஈட்டி: பாளையக்காரர் போரை மேசையில் ஆடுவது

கேரம் ஆடினவங்களுக்கு இது தெரியும். போர்டு ஒண்ணுதான், காய் ஒண்ணுதான். ஆனா சிவப்பைப் போட்டதும் ஃபாலோ வேணுமா, ஸ்டிரைக்கர் குழிக்குள்ள விழுந்தா எத்தனை காய் வெளிய வைக்கணும், இதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். புதுசா ஆட வர்ற ஆள் முதல்ல கேக்குறதே, "இங்க என்ன சட்டம்?"னுதான். இன்னைக்குப் பேசப்போறது அந்த மாதிரி ஒரு தெருச் சட்டத்தைப் பத்தி. ஆனா கேரமுக்கு இல்ல, போருக்கு.

சின்ன பொம்மை வீரர்களை மேசையில நிறுத்தி, பகடை உருட்டி, பழைய சண்டைகளைத் திரும்ப ஆடுற ஒரு பொழுதுபோக்கு உலகம் முழுக்க இருக்கு. பிரஷ்ய ராணுவம் 1820கள்லயே அதிகாரிகளுக்குப் பயிற்சியா இதை வெச்சிருந்தது. 1913ல எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு புத்தகமே போட்டார், நாம விஞ்ஞானக் கதைகளுக்காகப் படிக்கிற அதே வெல்ஸ். இதுல ஒரு வகைக்கு ஸ்கர்மிஷ்னு பேரு. பெரும்படை கிடையாது. ஒரு பொம்மைன்னா ஒரு ஆள். பக்கத்துக்கு முப்பது, நாப்பது பேர். ஒரு வாசல், ஒரு வரப்பு, ஒரு சுவர் உடைப்பு, அவ்வளவுதான் களம். எந்தச் சண்டை, யார் எங்க நிக்கணும், எதைச் செஞ்சா வெற்றி, எத்தனை சுற்றுல முடியணும்னு வகுக்கறதுக்கு சினாரியோன்னு பேரு.

சங்கரன்கோவில்ல உக்காந்து இதைப் பேச காரணம் இருக்கு. நெற்கட்டும்செவல் நமக்குப் பக்கத்து ஊர். மேற்க போனா மலையடிவாரத்துல வாசுதேவநல்லூர். கிழக்க ரொம்ப தூரம் போனா ஒட்டப்பிடாரத்துக்கு அந்தப்பக்கம் பாஞ்சாலங்குறிச்சி. பூலித்தேவர் கடைசியா சங்கரநாராயணர் கோவிலுக்குள்ள போய்த்தான் மறைஞ்சார்னு நம்ம ஊர்ல சொல்ற கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1755ல தொடங்கி 1801 வரைக்கும் நடந்த பாளையக்காரர் சண்டைகள் முக்காவாசி ஸ்கர்மிஷ் அளவுக்கு அப்படியே பொருந்தும். சின்னக் களம், குறுகின நேரம், ஒரு மண்கோட்டை.

ஆனா கடையில வாங்குற விதிப்புத்தகத்தை வெச்சு ஆடினா, ஒவ்வொரு தடவையும் கம்பெனிதான் ஜெயிக்கும், அதுவும் ரொம்ப சுலபமா. அந்த விதிகள் பெரும்பாலும் நெப்போலியன் காலத்து ஐரோப்பாவுக்கு எழுதினது. சீருடை போட்டு வரிசையில நிக்கிறவன் 'ரெகுலர்'. மத்தவன் எல்லாம் 'இர்ரெகுலர்': மன உறுதிக்கு மதிப்பெண் கம்மி, நாலு பேர் விழுந்தா மீதிப் பேர் ஓடணும். ஈட்டி வெச்சிருக்கிறவன் துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கு அரை ஆள். இதெல்லாம் ஒரு அட்டவணையில எண்ணா இருக்கறதால யாரும் கேள்வி கேக்கறதில்ல. ஆனா அந்த எண் ஒரு அபிப்பிராயம். 1801ல பாஞ்சாலங்குறிச்சிக்கு முன்னால நின்ன கம்பெனிப் படைக்கும் அந்த அபிப்பிராயம் இருந்தது.

அந்த நாளை எடுத்துக்குவோம். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச்சாங்க. 1799ல கட்டபொம்மனைத் தூக்குல போட்டபிறகு இடிச்சுத் தரைமட்டமாக்கின கோட்டையை சில நாள்லயே திரும்ப எழுப்பிட்டாங்க. மேஜர் மெக்காலே ஒரு வாரத்துல வந்து பார்த்தார், தாக்குற பலம் இல்லைன்னு திரும்பிட்டார். மார்ச் 31ஆம் தேதி பீரங்கியோட வந்து, சுவரை உடைச்சு, உடைப்பு வழியா ஆளை ஏத்தினார். முதல்ல ஏறின ஐரோப்பியர்கள் 120 பேர். அதுல காயமில்லாம திரும்பினது 46 பேர்தான். இதை எழுதினது அந்தப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற அதிகாரி. அவரோட நினைவுக் குறிப்புகள் 1830ல அச்சாச்சு. 1881ல கால்டுவெல் எழுதின திருநெல்வேலிச் சரித்திரத்துலயும் அந்தப் பகுதிகள் இருக்கு.

வெல்ஷ் கோட்டை அளவையும் கொடுத்திருக்கார். நீள்சதுரம், இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மத்த இரண்டு 300 அடி. இறுகின மண்சுவர், உயரம் சுமார் 12 அடி. சின்னச் சின்ன சதுரக் கொத்தளங்கள். சுத்தி முள்வேலி. இதைப் படிச்சா, 12 அடி மண்சுவர் ஒரு பெரிய விஷயமான்னுதான் தோணும்.

இங்கதான் பொம்மை உதவுது. நாம பயன்படுத்துற 28 மில்லிமீட்டர் பொம்மைக்கு அளவு ஏறக்குறைய 56ல ஒரு பங்கு. அந்தக் கணக்குல கோட்டை முழுசும் வெச்சா 2.7 மீட்டருக்கு 1.6 மீட்டர். டபுள் காட் கட்டிலைவிடப் பெரிசு. அதனால முழுக் கோட்டை வேண்டாம், உடைப்பு விழுந்த ஒரு கொத்தளம் போதும். சுவர் உயரம் ஆறரை சென்டிமீட்டர் வரும். அடுத்து ஈட்டி. உள்ள இருந்தவங்க ஈட்டி 18லிருந்து 20 அடி நீளம்னு வெல்ஷ் சொல்றார். நம்ம அளவுல பத்து சென்டிமீட்டர். விளக்குமாத்து ஈர்க்கு ஒண்ணை ஒடிச்சு, பத்து சென்டிமீட்டருக்கு வெட்டி, அந்தச் சின்ன ஆள் கையில ஒட்டி, சுவருக்கு உள்பக்கம் தரையில நிறுத்திப் பாருங்க. ஈட்டி சுவரைத் தாண்டி மேல நிக்கும்.

அதுதான் மார்ச் 31. மே 24ஆம் தேதி கோட்டை விழுந்து உள்ள போனபிறகுதான் கம்பெனிக்காரங்களுக்கு விஷயம் புரிஞ்சது. கொத்தளத்தோட உள்பக்கம் குழிவா இருந்திருக்கு. ஈட்டிக்காரங்க கீழ, குழிக்குள்ள. உடைப்பு மேல ஏறி நிக்கிறவனுக்குக் காலுக்குக் கீழ இருந்து குத்து வரும். அவன் பின்னால நிக்கிற துப்பாக்கிக்காரனுக்குச் சுட ஆளே தெரியாது. பயோனெட் மாட்டின துப்பாக்கி ஆறு, ஏழு அடி. இவன் ஈட்டி அதுல மூணு மடங்கு. படிக்கும்போது இதைக் கடந்து போயிடுவோம். ஈர்க்கை ஒட்டினா கடந்து போக முடியாது.

இதுலேருந்து எங்க முதல் தெருச் சட்டம்: உடைப்பின் உச்சியில ஏறுற ஆளுக்கு, அவன் எதையும் செய்யறதுக்கு முன்னாடி, கீழ இருக்கிற ரெண்டு ஈட்டிக்காரங்க பகடை உருட்டுவாங்க. அந்த ஈட்டிக்காரங்களை வெளிய இருந்து யாரும் சுட முடியாது. அவங்களைச் சுடணும்னா உச்சியில உயிரோட ஒரு சுற்று நிக்கணும்.

ரெண்டாவது சட்டத்துக்குத்தான் சண்டை வந்தது. 'இர்ரெகுலர்' மதிப்பெண்ணை என்ன செய்றது? தூக்கிட்டோம். பாசத்துல இல்ல, சாட்சியத்தை வெச்சு. மே 24 அன்னைக்குக் கோட்டை கைவிட்டுப் போனபிறகும் உள்ள இருந்தவங்க சிதறி ஓடலை. வெளிய வெட்டவெளியில ஒரே திரளா அணி சேர்ந்து, குதிரைப்படை வந்து பாயறப்பவும் அணியாவே பின்வாங்கினாங்கன்னு எதிரியே எழுதி வெச்சிருக்கான். அப்படிச் செய்றவனை எந்த ஊர் விதிப்புத்தகமும் ரெகுலர்னுதான் சொல்லும். வாசுதேவநல்லூர்லயும் இதேதான். 1767ல டொனால்ட் காம்ப்பெல் அதை முற்றுகை போட்டப்போ, பீரங்கி போட்ட ஓட்டைகளை வைக்கோலையும் பனை ஓலையையும் வெச்சு, குண்டுமழைக்கு நடுவுலயே அடைச்சாங்க. காம்ப்பெல் அந்தத் துணிச்சலைப் பாத்து மலைச்சுப்போய்க் கடிதம் எழுதினார்.

அதுக்காக மறுபக்கம் சாய்ஞ்சிடவும் கூடாது. எங்க கூட்டத்துல ஒரு தம்பி, ஒரு வீரன் பத்துப் பேரை வெட்டலாம்னு சட்டம் வைக்கணும்னான். சினிமாவுக்குச் சரி. அப்படி வெச்சா மே 24 எப்படி நடந்ததுன்னு சொல்ல வழியில்ல. நாங்க வெச்சிருக்கிற சோதனை சாதாரணமானது. ஏறுற படைக்கு 24 பொம்மை. வெல்ஷ் சொன்ன கணக்கை அப்படியே சுருக்கினா, 9 பேர்தான் காயமில்லாம திரும்பணும். பத்து தடவை ஆடுங்க. சராசரி 9க்குப் பக்கத்துல வந்தா சட்டம் நிக்கும். 2 வந்தா நாம பெருமைக்கு ஆடுறோம், 18 வந்தா பழைய புத்தகத்தையே ஆடுறோம்னு அர்த்தம்.

வளரிக்கும் அப்படி ஒரு சாட்சி இருக்கு. சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக் கொடுத்தார்னு வெல்ஷ் எழுதுறார் (பின்னால அதே மருதுவை எதிர்த்துப் போருக்குப் போனவர்). தேர்ந்த கை வீசினா நூறு கஜத்துக்குள்ள குறி தப்பாதாம். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கும் உருப்படியான குறி அதே நூறு கஜம்தான். ஆக எங்க சட்டம்: வளரிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே தூரம். திரும்ப மருந்து கெட்டிக்க வேண்டிய சுற்று வளரிக்குக் கிடையாது. ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டே வளரி. மழை அட்டை விழுந்தா துப்பாக்கி ஊமை, வளரி பேசும்.

மழை அட்டையைச் சும்மா போடலை. 1767ல வாசுதேவநல்லூர்க்காரங்க தப்பிச்சதே ஒரு மழை ராத்திரியில. நல்ல மண்சுவரும், நல்ல மழையும், முதுகுக்குப் பின்னால மலையும் இருந்தா, தோக்கறதுன்னாலே வேற அர்த்தம். இதனாலதான் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வெற்றி நிபந்தனை வைக்கறதில்ல. ஆடுபுலி ஆட்டம் ஆடின ஊருக்கு இது புதுசு இல்லையே. புலிக்கு மூணு காய், ஆட்டுக்குப் பதினஞ்சு. புலி வெட்டணும், ஆடு அடைக்கணும். 1755ல கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து இருபதாயிரம் ரூபாய் கேட்டார். சுவரை உடைக்கப் பெரிய பீரங்கி இல்ல, சோறு இல்ல, படைக்குச் சம்பளம் இல்ல. கிளம்பிட்டார். பூலித்தேவர் ஜெயிக்க வேண்டியிருக்கல, உள்ளேயே இருந்தா போதும். இந்த சினாரியோவுல கம்பெனி பக்கம் ஆடுறவர் கையில பத்து புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒண்ணு கொடுக்கணும், பீரங்கி சுட்டா ரெண்டு. கொட்டை தீர்ந்தா ஆட்டம் முடிஞ்சது.

மேசை அலங்காரத்துக்கு ஒரு வார்த்தை. சீமைக் கருவேலம் வைக்காதீங்க. இன்னைக்கு இந்தப் பக்கம் எங்க பார்த்தாலும் அதுதான், ஆனா அது வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில. பனையும் உடைமரமும் வையுங்க. சுவருக்குக் கரிசல் மண்ணைச் சலிச்சு பெவிகால் சேர்த்துப் பூசினா போதும்.

இனி கஷ்டமான விஷயம். யார் கம்பெனி ஆடுறது? பசங்க யாரும் மாட்டேங்குறாங்க. அப்போ நான் கேக்குறது, அந்தச் சிவப்புச் சட்டைக்குள்ள யார் இருக்கான்னு நினைக்கிற? 1761ல நெற்கட்டும்செவலைப் பிடிச்சது யூசுப்கான். ராமநாதபுரம் பக்கம் பனையூர்ல பிறந்ததா சொல்றாங்க. மூணு வருஷம் கழிச்சு, 1764 அக்டோபர்ல, அவரையே மதுரையில தூக்குல போட்டாங்க. பாஞ்சாலங்குறிச்சிக்கு வெளிய நின்ன சிப்பாய்கள்ல பெரும்பான்மை நம்ம மண்ணுக்காரங்க. எட்டயபுரத்துப் படையும் அந்தப் பக்கம்தான். வெல்ஷ் அந்த 120 பேரை ஒவ்வொண்ணா எண்ணினார், அவங்க ஐரோப்பியர்கள்ங்கறதால. அதனால எங்க சட்டத்துல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆடணும். ஆட்டம் முடிஞ்சதும் விழுந்த பொம்மையை எல்லாம் எண்ணிச் சொல்லணும், சிப்பாயும் சேர்த்து.

சினாரியோ ஆக்கவே கூடாதுன்னு நாங்க ஒதுக்கினது ஒண்ணு இருக்கு. அதே 1755ல, அதே ஹெரானின் படை திருநெல்வேலிக்குத் தெற்க நெல்கோட்டைங்கிற இடத்துல புகுந்தது. நானூறு பேர்ல ஆறு பேர்தான் பிழைச்சாங்கன்னு கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுறார். பெண்கள், குழந்தைகள் உள்பட. அதுல முடிவெடுக்க ஒரு பக்கத்துக்குத்தான் வாய்ப்பு இருந்தது. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து பகடை உருட்ட அங்க ஒண்ணுமில்ல.

கடைசியா, எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சினாரியோ. இதுல ஒரு குண்டும் சுடறதில்ல. மே 24க்குப் பிறகு, பக்கத்து ஊர்ப் பெண்கள் பிணங்களுக்கு நடுவுல தங்கள் ஆட்களைத் தேடி வர்றாங்க. ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள், உயிர் ஊசலாடுது. என்னை விட்டுடு, பக்கத்துல கிடக்கிற சாமியைக் காப்பாத்துன்னு அவன் சொல்றான். சாமின்னா ஊமைத்துரை. தூக்கிட்டுப் போய் வீட்டுல கிடத்துறாங்க. எட்டயபுரத்து ஆட்கள் தேடி வர்றாங்க. பெண்கள் மேல துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறாங்க, பையன் அம்மை போட்டுச் செத்துட்டான்னு. வந்தவங்க ஓடிட்டாங்க. இதையும் சொல்றது வெல்ஷ்தான். தடுப்பூசி இந்தியாவுக்கே 1802லதான் வந்தது. அம்மைன்னா அன்னைக்குக் குதிரைப்படையைவிடப் பயம்.

மேசையில அஞ்சு வீடு. ஒவ்வொண்ணுலயும் துணி மூடின ஒரு பொம்மை. ஒண்ணு ஊமைத்துரை, ரெண்டு நிஜமான அம்மை, ரெண்டு சாதாரணச் சாவு. எது எங்கன்னு பெண்கள் பக்கம் ஆடுறவருக்கு மட்டும் தெரியும். தேடுறவர்கிட்ட ஆறு ஆள். துணியை விலக்கிப் பார்க்க எப்பவும் உரிமை உண்டு. அம்மை இருந்தா விலக்கினவனும் கூட நின்னவனும் ஆட்டத்தை விட்டு வெளிய. பெண்கள் பக்கத்துக்குப் பகடையே கிடையாது. அவங்க பேசலாம், அழலாம், எதிர்ல இருக்கிறவர் கண்ணைப் பார்க்கலாம். இதுவரைக்கும் எங்க வீட்டுல பதினோரு தடவை ஆடியிருக்கோம். ஊமைத்துரை மேல இருந்த துணியை விலக்கினது நாலு தடவை.