பொழுது சாய்வதற்குள்: டெலோஸ் தீவுப் படகுத்துறையின் வரலாறு

ஏஜியன் கடலின் நடுவிலுள்ள சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் பெயருக்கு, டெலோஸ் தீவைச் சுற்றி வட்டமிட்டு நிற்பவை என்பது பொருள். அந்த வட்டத்தின் மையமாகக் கருதப்பட்ட டெலோஸோ, ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஒன்றேகால் கிலோமீட்டர் அகலமுமே கொண்ட, மரமும் ஆறும் இல்லாத ஒரு கற்பாறைத் துண்டு. அதன் நடுவே எழும் கிந்தோஸ் குன்றின் உயரம் 112 மீட்டர்தான். இன்று அங்கே செல்ல விரும்புவோர் பக்கத்துத் தீவான மைக்கோனோஸின் பழைய துறைமுகத்தில் காலையில் படகேறி, அரை மணி நேரத்தில் டெலோஸில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். காவலர்களும் அகழாய்வாளர்களும் தவிர வேறெவரும் அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. தொல்பொருள்களைப் பாதுகாக்க வகுக்கப்பட்ட நிர்வாக விதி இது என்றாலும், வந்தவர் தங்காமல் திரும்ப வேண்டிய இடமாக டெலோஸ் அறியப்பட்டது இந்த நூற்றாண்டிலோ சென்ற நூற்றாண்டிலோ அன்று.

அதன் வேர் தெய்வக் கதையில் தொடங்குகிறது. சியூஸ் தெய்வத்தால் கருவுற்ற லெட்டோ, அவருடைய மனைவி ஹீராவின் சினத்துக்கு அஞ்சிய நிலங்கள் யாவும் இடம் தர மறுத்தபின், அதுவரை கடலில் மிதந்து திரிந்த டெலோஸில் ஒதுங்கி, ஒரு பனை வகை மரத்தைப் பற்றிக்கொண்டு அப்போலோவை ஈன்றாள் என்று கிரேக்கர் நம்பினர். கடவுள் பிறந்த மண் என்னும் இந்தப் பெருமையே பிற்காலத்தில் மனிதப் பிறப்பை அத்தீவிலிருந்து விலக்கக் காரணமாயிற்று. பிறப்பாலும் இறப்பாலும் ஓர் இடத்தைப் பற்றும் தூய்மைக்கேட்டைக் கிரேக்கர் 'மியாஸ்மா' என்றனர்; தீட்டு என்னும் தமிழ்ச் சொல் அதற்கு அநேகமாக முழுமையாகப் பொருந்தும்.

தீட்டு நீக்கும் சடங்கு டெலோஸில் முதலில் ஏதென்ஸின் தனியாட்சியாளர் பைசிஸ்ட்ராட்டஸ் காலத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் நடந்தது. ஆனால் கோயிலிலிருந்து பார்வைக்கு எட்டிய தொலைவிலிருந்த கல்லறைகளை மட்டுமே அவர் அகற்றினார். முழுமையான சடங்கு கி.மு. 426–425 குளிர்காலத்தில் நிகழ்ந்தது. ஏதோவொரு தெய்வவாக்கின்படி ஏதெனியர் இதைச் செய்ததாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சுருக்கமாகக் குறிப்பிட, பிற்கால ஆசிரியரான டியோடோரஸ் ஏதென்ஸை வாட்டிய கொள்ளைநோயையே காரணமாகக் காட்டுகிறார். தீவிலிருந்த புதைகுழிகள் அனைத்தும் தோண்டப்பட்டு, எலும்புகளும் கூடவே புதைக்கப்பட்ட பொருள்களும் மேற்கே கண்ணுக்கெட்டிய தொலைவிலுள்ள ரெனேயா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வடதிசைத் தொல்குலத்திலிருந்து வந்த தெய்வக் கன்னியரின் சமாதிகள் என்று போற்றப்பட்ட இரு இடங்கள் மட்டும் தொடப்படவில்லை. இனி டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது, பேறுகாலம் நெருங்கியவர்களையும் உயிர் ஊசலாடுவோரையும் ரெனேயாவுக்குப் படகேற்றிவிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. தோண்டியெடுக்கப்பட்ட குழிகளில் பாதிக்கு மேல், ஆயுதங்களையும் புதைத்த முறையையும் கொண்டு பார்க்கையில், ஆசியா மைனரின் காரியர்களுடையவை என்று துசிடிடீஸ் எழுதியிருப்பது, புதைபொருளை வைத்துப் பழைய குடிகளை இனங்காண முயன்ற மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

இந்த ஆணையைப் பக்தியின் விளைவாக மட்டும் காண்பது வெகுளித்தனம். பாரசீகரை எதிர்த்துக் கிரேக்க நகரங்கள் கி.மு. 478-இல் அமைத்த கூட்டணியின் பொதுக் கருவூலம் டெலோஸில்தான் இருந்தது, கி.மு. 454-இல் ஏதென்ஸ் அதைத் தன் நகருக்கே மாற்றிக்கொண்டது. பணத்தை எடுத்துச் சென்றவர்கள் தீவின் புனிதத்துக்கும் தாமே காவலர் என்று நிறுவ வேண்டியிருந்தது. தன் மண்ணில் பிறந்தவரும் அதிலேயே புதைக்கப்பட்டவரும் இல்லாத குடிகளால் நிலவுரிமை கொண்டாடுவது கடினம் என்பதை ஏதெனியர் உணராமலா இருந்திருப்பர்? கி.மு. 422-இல், தூய்மை இன்னும் நிறைவு பெறவில்லை என்று சொல்லி, உயிரோடிருந்த டெலோஸ் மக்களையே அவர்கள் முற்றாக வெளியேற்றினர். போர்க்களத்தில் பட்ட தோல்விகளும் டெல்ஃபியின் தெய்வவாக்கும் மனத்தை உறுத்தவே, அடுத்த ஆண்டு திரும்ப அழைத்தனர்.

வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரையும் இவ்வாறு கரையேற்றியதும் இறக்கியதும் படகுகளே. ஏதென்ஸ் ஆண்டுதோறும் டெலோஸுக்கு ஒரு புனிதக் கப்பலை அனுப்பியது. வீரன் தீசியஸ் கிரீட் தீவுக்குச் சென்ற கப்பல் அதுவே என்று மக்கள் நம்பினர். அப்போலோவின் பூசாரி அதன் பின்னணியத்துக்கு மாலை சூட்டியது முதல் அது திரும்பும் வரை நகரில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸின் விசாரணைக்கு முந்திய நாள் அந்த மாலை சூட்டப்பட்டிருந்தது. எதிர்காற்றில் கப்பல் தாமதமாவது வழக்கமாதலால், தீர்ப்புக்குப் பின் முப்பது நாள்கள் அவர் சிறையில் உயிரோடிருந்தார் என்று வரலாற்றாசிரியர் ஜெனோஃபோன் குறிக்கிறார். ஏஜியன் கடலின் காற்று மெய்யியல் வரலாற்றுக்கு ஒரு மாத உரையாடலைக் கொடையளித்தது எனலாம். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் பருவக்காற்று இன்றும் சூலை, ஆகஸ்ட் மாதங்களில் மைக்கோனோஸ் படகுகளைத் துறையிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது.

சடங்குப் பயணம் எந்த அளவு காட்சியாக மாறியது என்பதற்கு ஏதெனியத் தளபதி நிக்கியாஸ் நிகழ்த்தியது நல்ல சான்று. அதற்கு முன்பெல்லாம் பாடகர் குழுக்கள் டெலோஸில் இறங்கும்போதே கரையில் கூடிய கூட்டம் பாடச் சொல்லி நெருக்க, அவர்கள் ஒரு பக்கம் மாலை சூடிக்கொண்டும் மறுபக்கம் ஆடை மாற்றிக்கொண்டும் குழப்பத்துடன் பாடுவது வழக்கமாம். நிக்கியாஸ் தம் குழுவையும் பலிப் பொருள்களையும் ரெனேயாவில் இறக்கினார். அளவெடுத்து ஏதென்ஸிலேயே செய்து கொண்டுவந்த, பொன்முலாமும் வண்ணமும் பூசித் திரைச்சீலைகள் தொங்கவிட்ட பாலத்தை இரவோடிரவாக இரு தீவுகளுக்கிடையே அமைத்து, விடியற்காலையில் பாடியபடியே ஊர்வலத்தை அதன்மேல் நடத்திச் சென்றார் என்று புளூட்டார்க் வருணிக்கிறார். புவியியலாளர் ஸ்ட்ராபோவின் கணக்கில் அந்த நீரிணை நான்கு ஸ்டேடியம், அதாவது 700 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் உடையது. நிக்கியாஸ் காணிக்கையாக நட்ட வெண்கலப் பனை பின்னாளில் காற்றில் முறிந்து, நாக்ஸோஸ் தீவினர் நிறுவியிருந்த பேருருச் சிலையின்மீது சாய்ந்து அதையும் வீழ்த்திவிட்டது.

எனினும் டெலோஸின் படகு வரலாற்றில் மிகச் சுவையான சான்று எந்தப் பெரிய ஆசிரியரின் நூலிலும் இல்லை. கணக்குக் கற்களில் இருக்கிறது. கி.மு. 314 முதல் 167 வரை ஏதென்ஸின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்னாட்சியுடன் விளங்கிய காலத்தில், 'ஹியரோபொயோய்' எனப்பட்ட கோயில் நிர்வாகிகள் ஆண்டுதோறும் வரவு செலவைப் பளிங்குப் பலகைகளில் செதுக்கி நிறுத்தினர். வெறும் எண்களும் பெயர்களுமாக நீளும் அக்கணக்குகளின் வரவுப் பகுதியில் கடவுளின் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வரும் வாடகையோடு, முரெக்ஸ் என்னும் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பதற்கான உரிமையும், மைக்கோனோஸுக்கும் ரெனேயாவுக்கும் படகு விடும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்ட வருவாயும் பதிவாகியுள்ளன. பக்கத்துத் தீவுக்குப் படகோட்டும் உரிமை ஏலம் போகும் அளவுக்கு அன்றே அங்கு ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது; படகுக் கூலியின் ஒரு பங்கு அப்போலோவின் உண்டியலுக்குச் சென்றிருக்கிறது. செலவுப் பகுதியில் மாதந்தோறும் தவறாமல் இடம்பெறும் ஒரு பன்றிக்குட்டியின் விலை, கோயில் வளாகத்தைத் தீட்டு நீக்கித் தூய்மை செய்யப் பலியிட்டதற்கானது. பேரரசுகளின் ஆணைகளைக் காட்டிலும் இந்தப் பன்றிக்குட்டிக் கணக்கே தூய்மை விதி அன்றாட வாழ்வில் எப்படி நடைமுறையில் இருந்தது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

கி.மு. 167-இல் ரோம் டெலோஸை மீண்டும் ஏதென்ஸிடம் ஒப்படைத்து, அதன் துறைமுகத்தைச் சுங்க வரி இல்லாத துறைமுகமாக அறிவித்தபோது வரலாறு திசைமாறியது. போட்டித் துறைமுகமான ரோட்ஸின் ஆண்டு வருவாய் பத்து இலட்சம் திராக்மாவிலிருந்து ஒன்றரை இலட்சமாகச் சரிந்ததாக ரோட்ஸ் தூதர்கள் முறையிட்டதை வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பதிவு செய்துள்ளார். டெலோஸின் பழங்குடிகள் மீண்டும் வெளியேற்றப்பட, இத்தாலிய வணிகர்களும் பெய்ரூட்டின் கப்பல் முதலாளிகளும் எகிப்திய, சிரியத் தெய்வங்களின் வழிபாட்டினரும் யூதர்களும் அங்கே குடியேறினர். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றியனுப்பும் வல்லமை அத்துறைமுகத்துக்கு இருந்தது என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். கப்பலை அணைத்துச் சரக்கை இறக்கினாலே போதும், எல்லாம் விலைபோய்விடும் என்னும் கருத்துள்ள பழமொழியும் அதனால் எழுந்ததாம். அடிமைச் சந்தை நடத்துவது புனிதத்துக்கு மாசாகத் தோன்றாத அத்தீவில், ஒருவர் இயற்கையாக இறப்பது மாசாகவே நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்நகரின் இடுகாடு ரெனேயாவிலேயே இருந்தது. டெலோஸில் நாய் வளர்க்கவும் தடை உண்டு என்று ஸ்ட்ராபோ கூட்டிச் சொல்கிறார்.

அக்காலத்து வீடுகள் இன்று சுவர்மட்டத்துக்கு நிற்கின்றன. தூண்கள் சூழ்ந்த முற்றமும், சிறுத்தைமேல் அமர்ந்த டயனைசஸ் போன்ற பலவண்ணக் கல்பதிப்புத் தளமும் பார்ப்போரைக் கவர்கின்றன என்றாலும், அவ்வீடுகளின் உயிர்நாடி அந்தத் தளத்துக்கு அடியில் இருந்தது. ஆறில்லாத தீவில் கூரையில் விழும் மழைநீர் முழுவதும் முற்றத்தின் கீழ் வெட்டப்பட்ட தொட்டியில் சேர்க்கப்பட்டது. தொட்டியின் வாயை மூடிய பளிங்குக் கிணற்று வளையங்களின் உள்விளிம்பில், வாளி கட்டிய கயிறு ஏறியிறங்கிப் பதித்த பள்ளங்களை இன்றும் விரலால் தடவி உணரலாம்.

செழிப்பு ஒரு நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. கி.மு. 88-இல் ரோமுக்கு எதிராகப் போரிட்ட பாண்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படை தீவைச் சூறையாடியது, கி.மு. 69-இல் கடற்கொள்ளையர் மீண்டும் அழித்தனர். ரோமானியத் தளபதி டிரையாரியஸ் எழுப்பிய மதிற்சுவர் காலம் கடந்த காவலாயிற்று. ஏனெனில் வணிகப் பாதைகள் அதற்குள் இத்தாலியத் துறைகளை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தன. சொந்தத் தண்ணீரும் விளைச்சலும் இல்லாத நகரைக் காத்துவந்தது சலுகை ஒன்றே. சலுகையின் பயன் குன்றியதும் நகரும் கரைந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பயணநூல் எழுதிய பௌசானியஸ், ஏதென்ஸ் அனுப்பும் கோயில் காவலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் டெலோஸ் ஆளற்ற இடமாகிவிடும் என்று குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் சிறு கிறித்தவக் குடியிருப்பு ஒன்று அங்கிருந்து மறைந்தபின் அது நடந்தே விட்டது.

ஆளற்ற தீவுக்கும் படகுகள் வருவது நிற்கவில்லை. இம்முறை அவை கல்லுக்காக வந்தன. மைக்கோனோஸ், டீனோஸ் போன்ற அண்டைத் தீவினர் பளிங்கைக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் எடுத்துச் சென்றனர். மைக்கோனோஸ் மேய்ப்பர்கள் இடிபாடுகளுக்கிடையே ஆடுகளை மேய்த்தனர். 1445-இல் இத்தாலியரான ஆன்கோனாவின் சிரியாக்கோ அங்கு வந்து, வீழ்ந்து கிடந்த பேருருச் சிலையைப் படம் வரைந்தார். 1628-இல் ஆங்கிலேயர் கெனல்ம் டிக்பி தம் மன்னருக்காகப் பளிங்குச் சிற்பங்களைக் கப்பலேற்றினார். நாக்ஸோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் வரிசையாக நிறுவிய சிங்கங்களுள் ஒன்று வெனிஸ் நகரின் படைக்கலக் கொட்டில் வாயிலில் வேறொரு தலையுடன் இன்றும் அமர்ந்திருக்கிறது. எஞ்சியவை 1999-இல் தீவின் அருங்காட்சியகத்துக்குள் மாற்றப்பட்டுவிட்டன; வெளியே வெயிலில் நிற்பவை நகல்களே.

ஏதென்ஸிலுள்ள பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி 1873-இல் அகழாய்வைத் தொடங்கியபின், மைக்கோனோஸ் படகோட்டிகளுக்குப் புதிய பிழைப்பு கிடைத்தது: 'கைக்கி' எனப்படும் மரப்படகுகளில் அவர்கள் ஆய்வாளரையும் கூலியாட்களையும், பின்னர் பெரிய கப்பல்களில் வந்திறங்கிய பார்வையாளரையும் அக்கரை சேர்த்தனர். இன்று கேளிக்கைக்குப் பேர்போன மைக்கோனோஸுக்கு வெளியார் முதன்முதலில் திரளாக வந்ததற்குக் காரணம் அதன் கடற்கரைகளல்ல, அதற்கு எதிரே கிடந்த இடிபாடுகளே. அப்போலோ பிறந்ததாகச் சொல்லப்பட்ட புனிதக் குளம், மலேரியாவைப் பரப்புகிறது என்று 1925-இல் வற்றச் செய்யப்பட்டு, நடுவில் ஒரு பனை நடப்பட்டது. 1990-இல் டெலோஸ் உலகப் பண்பாட்டு மரபிடமாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய இரவுத் தடையைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஆணையோடு சேர்த்துச் சொல்வது படகுகளில் கேட்கும் வழக்கமான பேச்சு. இரண்டுக்கும் சட்டத் தொடர்ச்சி எதுவும் இல்லை. பழைய ஆணை பிறப்பையும் இறப்பையும் தடுத்ததேயன்றித் துயில்வதைத் தடுக்கவில்லை. ஆயினும் அதிகாரம் அயலாரிடம் இருக்க, தீவு யாருக்கும் சொந்த ஊராகாமல் படகுத்துறையாகவே இருந்துவந்தது என்பதில் அவ்விரண்டும் ஒத்துப்போகின்றன.

கி.மு. 425-இல் அப்புறப்படுத்தப்பட்ட புதைபொருள்களை 1898-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்டாவ்ரோபூலோஸ் ரெனேயாவில் ஒரு பெருங்குழியில் கண்டெடுத்தார். குடங்களும் கிண்ணங்களும் எண்ணெய்க் குப்பிகளுமாக நெருக்கிக் கொட்டப்பட்டிருந்த அவை மீண்டும் படகேற்றப்பட்டன. ஆனால் டெலோஸுக்கு அல்ல. அவற்றை வைப்பதற்கென்றே 1902-இல் மைக்கோனோஸில் ஓர் அருங்காட்சியகம் கட்டப்பட்டது. பழைய துறைமுகத்துக்கு மேலே, டெலோஸ் படகுகள் புறப்படும் இடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அது இருக்கிறது.