உடல் கிடைக்காத சாவும் சான்றிதழும்

வண்டூர்க் கடற்கரையில் நிற்கும் எவருக்கும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். சுனாமியில் போன பலரின் உடல் கிடைக்கவேயில்லை. தெற்கே, பெரிதும் அழிந்த கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழர்களும் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியிருந்தனர்.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவில், ஏழாண்டுகள் தகவலில்லாதவரையே இறந்தவராகக் கொண்டது. ஏழு வருஷம் நிவாரணமும் பென்ஷனும் காத்துக் கிடந்தால் அடுப்பு எப்படி எரியும்? 2005இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. போலீசில் புகார், விசாரணை, பட்டியல் வெளியீடு. ஆட்சேபம் இல்லையேல் சான்றிதழ்.

1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, சாவு நேர்ந்த இடத்துப் பதிவாளர்தான் அதைத் தரவேண்டும். சொந்த ஊர்த் தாலுகா ஆபீசில் கேட்டுப் பயனில்லை. ஆனால் அலைச்சலைவிடக் கடினம் கையெழுத்துதான்: உடலைப் பார்க்காத தாயே, மகன் போயிட்டான்னு எழுதிக் கொடுக்கணும்.