பாலைவனத்து மதிலுக்கு ஒரு மேல்பூச்சு

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சராசரியாக ஓராண்டு மழையெல்லாம் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் தேறாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொளுத்திய ஊர் அது. அங்கே எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஹாலோ பிளாக் மதில்கள். அவற்றைக் கெடுப்பது வெயில் என்றுதான் யாரும் நினைப்போம். மதிலின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் கதை வேறு. பெயின்ட் கொப்பளித்து, செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். ஓதம்!

மழை பெய்யாத ஊரில் ஓதம் எங்கிருந்து வந்தது? மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அந்த ஈரம் மண்ணிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு பிளாக்கின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. வறண்ட காற்று அதை வெளிப்பக்கம் உறிஞ்சுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிகமாகி அதை நெட்டித் தள்ளுகிறது. வெயில் கூடக்கூட இந்த உறிஞ்சலும் வேகமெடுக்கும். வறண்ட நிலத்தில் சுவருக்கு மேல்பூச்சு தேடியவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

தேடலின் பழைய தடயம் ஒன்று ஜோர்டானில் தற்செயலாகக் கிடைத்தது. 1970களில் அம்மானிலிருந்து ஜர்க்காவுக்கு நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது ஐன் கசல் என்ற கற்காலக் குடியிருப்பு வெளிப்பட்டது. 1983-இல் அங்கே சுண்ணாம்புச் சாந்தில் செய்த மனித உருவங்கள் கிடைத்தன. ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமை. அதே சாந்தை அந்த மக்கள் வீட்டுத் தரையிலும் பூசி, மெழுகித் தேய்த்திருந்தார்கள். மண்பானை வனையவே தொடங்காத காலத்தில், சுண்ணாம்புக் கல்லை 800 டிகிரிக்கு மேல் சுட்டு நீற்ற அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாகிறது. ஆனால் அந்தக் கல்லிலும் நுண்துளைகள் உண்டு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி இருக்கிறது. இந்த ஒரு குணத்துக்காகவே சுண்ணாம்பு அத்தனை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது என்பேன்.

அதே நிலப்பகுதியில் பிற்காலத்தில் பெட்ராவை ஆண்ட நபத்தேயர்களுக்கு எதிர்மாறான தேவை. வாசனைப் பொருள்களை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்த அந்த வணிகர்கள் பாறையில் தொட்டி குடைந்து, உள்ளே சாந்து பூசி, எப்போதாவது பெய்யும் மழையைப் பிடித்து வைத்தார்கள். இன்னும் மேற்கே, மொராக்கோவின் மராக்கெஷ் கொத்தனார்கள் தடெலாக்ட் என்ற பூச்சை உருவாக்கினார்கள். ஈரம் காயாத சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, மேலே ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவுவார்கள். சோப்பும் சுண்ணாம்பும் கூடித் தண்ணீரில் கரையாத ஒரு படலம் உண்டாகும். குளியலறைச் சுவருக்கே அது போதும். இந்த வேதிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வேஷத்தில் வரும்.

ஸ்பானியர்கள் கடல் தாண்டி மெக்சிகோவில் இறங்கியபோது சுண்ணாம்பு அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தது. பழைய தியோதிவாக்கான் நகரத்தின் சுவர்கள் அதில்தான் மின்னின. அந்த மண்ணின் சேர்மானம் ஒன்று மட்டும் வந்தவர்களுக்குப் புதிது: சப்பாத்திக்கள்ளி. அதன் மடலை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் வழுவழுப்பான சாறு இறங்கும். அதைச் சாந்தில் கலந்தால் சாந்து மெல்லக் காயும், வெடிக்காது, தண்ணீரையும் ஓரளவு தடுக்கும். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் விட்டு அரைத்ததும் இதே வகை யுக்திதான். யாரும் யாரைப் பார்த்தும் காப்பியடிக்கவில்லை.

அரிசோனாவின் டூசான் நகருக்குத் தெற்கே, தோஹோனோ ஓதாம் பழங்குடியினரின் நிலத்தில், சான் சேவியர் தெல் பாக் தேவாலயம் நிற்கிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1783-இல் தொடங்கி 1797-இல் முடித்தார்கள். சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே பளீரென்ற வெள்ளைப் பூச்சு. பாலைவனத்தின் வெள்ளைப் புறா என்று பெயரும் வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவசரக்காரர்கள் வருகிறார்கள். 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1900-இல் ஹார்மன் பால்மர் என்ற அமெரிக்கர் ஹாலோ பிளாக் வார்க்கும் இயந்திரத்துக்கு வாங்கினார். வாங்கிய சூட்டிலேயே போலிகள் முளைத்துவிட்டன. சியர்ஸ் நிறுவனம் தபாலில் பொருள் விற்கும் தன் பட்டியலில் பிளாக் இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டது. விவசாயி கொல்லையிலேயே கல் வார்க்கலாம். வார்த்த கல்லும் அசலாக இல்லை. கொத்திய கருங்கல் போல முகப்பு வைத்து விற்றார்கள். பிற்பாடு அமெரிக்கத் தென்மேற்கில் இன்னொரு போலி வந்தது. கலவையைக் கொஞ்சம் இளக்கமாக வைத்து, அச்சை எடுத்ததும் கல் லேசாகத் தொய்ந்து வயிறு பிதுங்கும்படி செய்தார்கள். பார்ப்பதற்குப் பச்சை மண்கல் மாதிரியே இருக்கும். சிமென்டை மண்ணாக நடிக்க வைத்த இந்த வேலை எனக்குப் பிடித்த தில்லுமுல்லு.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டும் பிளாக்கில் மயங்கியவர்தான். 1924-இல் லாஸ் ஏஞ்சலஸ் குன்று ஒன்றின் மேல் என்னிஸ் வீட்டைக் கட்டியபோது, நிறம் மண்ணோடு ஒத்துப்போகட்டும் என்று அந்த இடத்திலேயே தோண்டிய உதிரிக் கருங்கல் பொடியைக் கலவையில் சேர்த்தார். அதிலிருந்த அழுக்கும் நகரத்துப் புகையும் சேர்ந்து கல்லை அரிக்கத் தொடங்கின. காப்பாற்றுகிறோம் என்று மேலே அடித்த பாதுகாப்புப் பூச்சு தொல்லையை இன்னும் கூட்டியது.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு இங்கே ஒரு பாடம் காத்திருந்தது. புதுச் சிமென்டில் காரம் மிக அதிகம். அதன்மேல் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால், எண்ணெயும் காரமும் கூடிச் சோப்பாகிவிடும். மராக்கெஷில் சுவரைக் காத்த அதே வினை இங்கே பெயின்டைப் பிசுபிசுக்க வைத்து உரித்தது. இதற்கு மாற்று ஜெர்மனியில் கிடைத்தது. பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் இத்தாலியச் சுவரோவியங்களில் சொக்கிப்போனவர். தன் நாட்டுக் குளிரில் அவை நிற்கவில்லையே என்ற ஏக்கத்தில் ஆய்வுகளைத் தூண்டிவிட்டார். அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1878-இல், அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் சிலிகேட் பெயின்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது சுவரோடு வேதிமுறையில் பிணைந்து, ஆவியையும் வெளியே விடுகிறது. குளிர் தேசத்து ராஜாவின் ஆசையில் பிறந்த சரக்கு வெயில் தேசத்துச் சுவருக்கும் பொருந்துகிறது.

ஆனால் சந்தையைப் பிடித்தது வேறொன்று. ஆட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1901-இல் அக்ரிலிக் அமிலம் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர். அதில் அப்போதைக்குக் காசு பார்க்க முடியவில்லை. தோல் பதனிட நாய்ச்சாணம் பயன்படுத்திய காலம். அதற்குப் பதிலாக ஒரு நொதிப் பொருளைக் கண்டுபிடித்துத்தான் 1907-இல் கம்பெனி தொடங்கினார். கூட்டாளி ஆட்டோ ஹாஸ் கம்பெனிக்குக் கிளை தொடங்க அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். போர்க்காலத்தில் அக்ரிலிக் போர்விமானக் கண்ணாடியானது. போர் முடிந்து கிராக்கி விழ, 1953-இல் அந்த அமெரிக்க நிறுவனம் முழு அக்ரிலிக் எமல்ஷனைப் பெயின்டுக்கென்று இறக்கியது. காரத்துக்கும் வெயிலுக்கும் அசராத பொருள். பீனிக்ஸைச் சுற்றி பிளாக் வீடுகள் கூட்டம் கூட்டமாக எழும்பிய காலமும் அதுதான்.

அந்தப் பெயின்டின் வெண்மைக்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலர் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுகொண்டார் என்பார்கள். கேஸ் விளக்குத் திரிக்கு அதிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளத் தொடங்கினார்கள். மின்விளக்கு வந்து கேஸ் விளக்கு மங்கியதும், கூடவே கிடைத்த கறுப்பு மணலான இல்மனைட்டுக்கு யோகம் அடித்தது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிலிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்து இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூர் கடற்கரையிலிருந்து போனது. போரில் கப்பல் போக்குவரத்து ஆபத்தானதும் அமெரிக்கர்கள் நியூயார்க் மாநிலத்து மலைகளில் சொந்தச் சுரங்கம் திறந்தார்கள்.

சான் சேவியரையும் நவீனம் விட்டுவைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசினார்கள். சிமென்டில் நூல் விரிசல் விழுந்து மழைநீர் உள்ளே போனது. போன நீர் வெளியே வரவில்லை. பூச்சுக்குப் பின்னால் செங்கல் மண்ணாகக் கரையத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதி முதல் அந்தச் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கள்ளிச் சாறும் கலந்த பழைய பூச்சையே மறுபடி பூசி வருகிறார்கள்.

பீனிக்ஸ் மதில்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர்கள் அக்ரிலிக்தான் அடிப்பார்கள். விவரம் தெரிந்த பெயின்டர் புதுச்சுவரை 28 நாள் காயவிடுவார். பழைய சுவரென்றால் விரலால் தடவிப் பார்ப்பார். மாவாக ஒட்டினால், வெயில் பிசினைத் தின்றுவிட்டது, தேய்த்துக் கழுவாமல் பிரைமர் நிற்காது. ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுவார்; உட்புறம் வேர்த்திருந்தால் டப்பாவைத் திறக்கவே மாட்டார். கோடையில் நிழல் விழும் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து அடிப்பார், கொதிக்கும் சுவரில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்துவிடும். நிறம் கேட்டால் இரும்பு ஆக்சைடு கலந்த காவியும் மண்நிறமும் சொல்வார். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும். இத்தனையும் செய்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.