தீட்டும் இலக்கும்: மருத்துவச்சியின் மனச்சுமைக்கு ஒரு வரலாறு

பேறுகாலப் பணியிலிருக்கும் பெண்களின் மன அழுத்தத்தைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். யோகா வகுப்பு, ஆலோசனை முகாம் என்று உடனே தீர்வுக்கும் போய்விடுகிறார்கள். அந்தச் சுமையை யார், எப்போது ஏற்றினார்கள் என்று கேட்பதில்லை. சேந்தமங்கலம் போன்ற ஓர் ஊரில் நின்று அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கொங்குச் சமவெளியில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. தீட்டுத்துணி வெளுக்க வண்ணார் வீட்டுப் பெண். தலித்துகளின் துணியை வெளுக்க, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார் பெண். வலி எடுத்தால் நடுராத்திரியிலும் ஆள் அனுப்பி அழைப்பார்கள். கொடி அறுத்து முடித்ததும் அவள் திண்ணைக்கு வெளியே. கூலியாகக் கொஞ்சம் தானியம், ஒரு பழஞ்சேலை. அவள் கை இல்லாமல் ஆகாது. அந்தக் கையைத் தொடவும் ஆகாது. குழந்தை தங்கினால் குலதெய்வத்தின் அருள், தங்காவிட்டால் மருத்துவச்சியின் கைராசி. பழியை ஒருத்தி தலையில் இறக்கும் பழக்கம் அரசாங்கம் வருவதற்கு முன்பே ஊரில் இருந்தது.

வெள்ளை அரசாங்கம் அந்தப் பழிக்கு அறிவியல் மொழியைக் கொடுத்தது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரவென்று 1903இல் கர்சன் பிரபுவின் மனைவி விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியைத் தொடங்கினார். பயிற்சி நல்லதுதான். ஆனால் தாய்சேய் மரணத்துக்கு முதல் காரணம் 'தாயி'யின் அழுக்குக் கை என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. பட்டினியும் சோகையும் இளவயதுத் திருமணமும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டன. 1927இல் 'மதர் இந்தியா' எழுதிய காதரின் மேயோ, அவள் தீண்டப்படாதவள் என்பதையும் சேர்த்தே அருவருப்பாகக் காட்டினார். மேயோவை மறுத்த தேசியவாதிகள் தேசத்தின் மானத்துக்காக வரிந்துகட்டினார்களே தவிர, மருத்துவச்சியின் மானத்துக்காகப் பேசியவர்கள் அரிது. இதற்கு ஓராண்டு முன்பே, 1926இல், சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்துவிட்டது. படித்துப் பதிந்தவள் ஒரு பக்கம், பரம்பரையாகப் பார்த்தவள் மறுபக்கம்.

சுதந்திர இந்தியாவில் அவள் அரசு ஊழியரானாள். இதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்ணும் மாதச் சம்பளத்தோடும் சீருடையோடும் ஊர்த்தெருவில் நடக்க வழி பிறந்தது. ஆனால் 1973இல் கர்தார் சிங் குழு துணைச் செவிலியரைப் 'பல்நோக்குப் பணியாளர்' ஆக்கப் பரிந்துரைத்தபின் பேறு பார்ப்பது அவளுடைய பல வேலைகளில் ஒன்றானது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 'கேஸ்' பிடிக்கும் இலக்கு அவள் கழுத்தில் ஏறியது. அந்த இலக்குமுறை கைவிடப்பட 1996 வரை ஆயிற்று.

இதற்கிடையில் வந்ததுதான் தொட்டில் குழந்தைத் திட்டம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே சேந்தமங்கலமும் அன்று அதே சேலம் மாவட்டம். முதல் குழந்தை பெண், இரண்டாவதும் பெண் என்றால் அந்த வீட்டின் மீது ஒரு கண் வைக்க வேண்டியவள் கிராம சுகாதாரச் செவிலியர். மாதம் தவறாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, 'பயப்படாதே தாயி' என்று தைரியம் சொன்னவளே அந்த வீட்டைக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுக்கக் கூடியவளும் ஆனாள். குழந்தைகளைக் காப்பது அரசின் கடமை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதே தெருவில், பெரும்பாலும் தன் சாதியைவிட மேலே இருக்கும் வீடுகளின் முன்னே, துணைக்கு ஒருவரும் இல்லாமல் நின்ற பெண்ணின் பயத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்?

பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கின. பேறு ஸ்டாஃப் நர்ஸ் கைக்குப் போனது. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைப் பேறுதான், பெருமைப்பட வேண்டிய செய்தி. கிராமச் செவிலியருக்குக் கற்ற கைத்தொழில் போய், மிஞ்சியது 'பிக்மி' இணையப் பதிவு. ஒரு தாய் இறந்தால் நடக்கும் தணிக்கை யாரையும் குற்றஞ்சாட்ட அல்ல என்கிறது விதி. ஆனால் கேள்வி மேலிருந்து இறங்கி, படிக்கட்டின் கடைசியில் நிற்கும் பெண்ணிடம்தான் வந்து நிற்கிறது.

சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3000 பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அந்த அளவுகோல் தலைகளை எண்ணுகிறது; ஏறும் மேட்டையும் விழிக்கும் ராத்திரியையும் எண்ணுவதில்லை. இணையப் பதிவு வேலையைத் தங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று செவிலியர் சங்கங்கள் கேட்டு வருவதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.