கொழுந்தின் ஈரமும் பீலித் தண்ணீரும்

நீரே உயிர்களுக்கு ஆதாரம் என்பது நாம் பிள்ளைப் பிராயத்திலேயே படித்த பாடம். ஆனால் சேமித்து வைக்கும் உணவுக்கு அந்நீரே பகை என்பதை நம் பாட்டிமார் ஏடு எதனையும் படியாமலே அறிந்திருந்தனர். வற்றலை வெயிலிற் காயவைத்ததும், ஊறுகாய்ச் சாடியில் ஈரக்கை படாமற் காத்ததும் அவ்வறிவினாலன்றோ? நீரை அகற்ற வேண்டிய இடம் ஒன்று. நல்ல நீரைக் கொண்டுவர வேண்டிய இடம் இன்னொன்று. இவ்விரண்டு காரியங்களும் நமது ஊவாத் தோட்டங்களில் எவ்வாறு நடந்தன என்பதைச் சிறிது நோக்குவோம்.

இலங்கையில் கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் பற்றி அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மடிந்த மலைகளிலே தேயிலை தழைத்தது. அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை, நமுனுகலை என ஊவா மலைகளிலும் அது பரவியது.

தேயிலை செய்வதென்பது பெரும்பாலும் நீரை அகற்றும் வேலையே. 100 இறாத்தல் பச்சைக் கொழுந்தில் 75 இறாத்தலுக்கு மேல் தண்ணீர்தான். அதிலிருந்து கிடைக்கும் தூள் ஏறக்குறைய 22 இறாத்தல். மலையிலிருந்து வந்த கொழுந்தை ஸ்டோரின் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் மெல்லெனப் பரப்பிப் பல மணி நேரம் காற்றில் வாட்டுவர். பின்பு அரைத்துப் புளிக்கவைத்து, சூட்டடுப்பில் உலர்த்துவர். உலர்ந்த தூளில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு 3 பங்கு அளவே. அது இரட்டிப்புக்கு மேல் ஏறினால் மணம் கெடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆதலால் கப்பலேறும் பெட்டிகளின் உள்ளே ஈயத்தாள் பதித்தனர்.

ஊவாவுக்கு இயற்கையும் இவ்வகையில் உதவி புரிந்தது. தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக இப்புறம் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்று வீசும் நாட்களிற் பறித்த கொழுந்துக்குத் தனி மணம் உண்டு. ஊவாத் தேயிலை உலகெங்கும் பெயர் பெற்றது அந்த வறட்சியினாலேயே.

ஈரம் போனால் உணவு ஏன் கெடுவதில்லை? நுண்ணுயிர்கள் வாழவும் பெருகவும் நீர் வேண்டும். பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அவ்வுயிர்களுக்குக் கிட்டும் நீர் எவ்வளவு என்பதே முக்கியமென 1950களில் அவுஸ்திரேலிய அறிஞர் ஸ்கொட் ஆராய்ந்து காட்டினார். உப்பும் சர்க்கரையும் நீரைத் தம்மோடு பிணித்துக்கொள்கின்றன. கிருமிக்கு அது எட்டாமற் போகிறது. கடலுக்கு எட்டாத மலைத் தோட்டத்துக் கடையிலே கருவாடும் மாசியும் கெடாது கிடப்பது இதனாலேதான். மாலைதீவு மக்கள் மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்துவதை, 1343இல் அங்கு சென்ற யாத்திரிகர் இபின் பதூதாவும் குறித்துள்ளார். புழுங்கலரிசியும் அவ்வாறே; ஊறவைத்து அவித்த நெல்லை நன்கு காயவைத்தால்தான் அரிசி மூட்டையில் நிலைக்கும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கொழுந்தின் ஈரத்தை அளந்து பார்த்த தோட்டத்திலே, கொழுந்து பறித்தவர் குடித்த நீரை அளந்து பார்த்தவர் யார்?

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கப்பாலும் மலையேற வேண்டியிருந்தது. வழியில் கிடைத்த குளத்து நீரும் குட்டை நீருமே அவர்களது தாகம் தீர்த்தன. அந்நீரோடு வாந்திபேதியும் வந்தது. எத்தனையோ பேர் தோட்டத்தைக் காணாமலே வழியில் மாண்டனர். 1854இல் இலண்டனில் வைத்தியர் யோன் ஸ்னோ வாந்திபேதி குடிநீரால் பரவுகிறது என எடுத்துக்காட்டினார்; 1884இல் கல்கத்தாவில் ரொபேட் கொக் அதன் கிருமியை அடையாளங் கண்டார். உண்மை வெளிப்பட்ட பின்னும் அது நம்மவரைக் காக்க நெடுங்காலம் சென்றது. 1914இல் தலைமன்னாருக்கு இரயில் வந்தது. பதுளைக்கு இரயில் வந்தது 1924இல்.

தோட்டத்தை அடைந்தவர்களுக்கு லயமும் பீலியும் கிடைத்தன. மலையூற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வரும் பீலித் தண்ணீர் பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும். ஆனால் மேலே இன்னொரு லயம் இருக்கலாம். மாட்டுக் கொட்டிலும் மலசலகூடமும் இருக்கலாம். மழை பெய்தால் அவற்றின் அழுக்கெல்லாம் ஓடையிற் சேரும். தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென 1872இலேயே சட்டம் பிறந்தது. ஆயினும் நெருப்புக் காய்ச்சலும் வயிற்றுளைவும் லயங்களை விட்டு எளிதில் அகலவில்லை. நோய்க்கு மருந்து கொடுப்பது ஒன்று. நோய் வரும் வழியை அடைப்பது வேறொன்று.

அந்நாளில் நம்மவரைப் பெரிதும் காத்தது தேத்தண்ணீர் என்று சொன்னால் தவறாகாது. கொதித்த நீரிலன்றோ அது தயாராகிறது! அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில் நீர் 100 பாகைக்கு முன்பே, ஏறக்குறைய 95 பாகையிலே கொதித்துவிடும். எனினும் வயிற்று நோய்க் கிருமிகள் மடிய அதுவே போதும். நீரையெல்லாம் இழந்து உலர்ந்த இலை, கொதித்த நீரோடு கூடி, அதனைப் பறித்தவளுக்கே காவலாயிற்று. ஆனால் ஆற்றிய தேத்தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிற் கழுவிய கோப்பையில் ஊற்றினால் அக்காவல் குறைந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. நிர்வாகங்கள் மாறின, சாக்குத் தட்டுகளின் இடத்தில் காற்றாடி பூட்டிய வாட்டும் தொட்டிகள் வந்தன. ஆயினும் சுத்திகரிக்காத ஊற்று நீரையே குடிக்கும் லயங்கள் இன்றும் உண்டு.

வாலிபர்களே! ஊற்றைச் சுற்றி வேலி கட்டி, அதன் வாயை மூடிக் காப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் போதும். தொட்டியைக் கழுவுதல், மலசலகூடத்தை ஊற்றுக்குக் கீழே தள்ளி அமைத்தல், நீரைச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு சோதிப்பித்தல், குளோரின் இடும்படி நிர்வாகத்தைக் கேட்டல் ஆகியனவும் நம் கைக்கெட்டும் காரியங்களே. ஸ்டோரிலே கொழுந்துக்குக் காட்டிய கவனத்தில் பாதியையேனும் பீலிக்குக் காட்டுவோமாக. நூறாண்டுக்கு மேலாக நீரை அகற்றி உலகுக்கு நல்ல தேயிலை கொடுத்த சமூகம், தன் பிள்ளைகளுக்கு ஒரு குவளை நல்ல நீர் கேட்பது மிகையன்று. அது அவர்களுக்குரிய பங்கேயாகும்.